பாதை மூடல் (திருகோணமலை மாவட்டம்)

அரச காணியிலோ, அரசு பொறுப்பேற்ற காணியிலோ மக்கள் போய்வந்த தடங்களுக்கு அதிகாரிகள் தடை போடுவது பாதை மூடல் எனப்படும். இலங்கை நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அரசுடையது. ஆகையால் ஒரு தடத்தை மூடினால் அது யாரோ ஒருவருடைய பிழைப்பைத் தொடாமல் விடாது. திருகோணமலையில் தார் வீதியை விட்டு இறங்கும் மோட்டார் சைக்கிள் பெரும்பாலும் வயலுக்கோ, மீன்வாடிக்கோ, மாட்டுப்பட்டிக்கோதான் போகிறது.

காட்டுத் தடங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் அமெரிக்காவில் முந்தியே உருவானது. 1972இல் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த 11644ஆம் இலக்க நிறைவேற்று ஆணை, எந்தத் தடம் திறந்திருக்கும், எது மூடப்படும் என்பதை வரையறுத்து மக்களுக்கு அறிவிக்கும் பொறுப்பைத் திணைக்களங்களிடம் ஒப்படைத்தது. அந்த முடிவில் மக்களுக்கும் இடம் தர வேண்டும் என்றது. சேதம் கண்ட இடத்தை உடனே மூடும் அதிகாரத்தை 1977இல் ஜனாதிபதி கார்ட்டர் சேர்த்தார். கலிபோர்னியாவின் கிளியர் கிறீக் மலைத்தடங்கள் 2008இல் மூடப்பட்டன; சக்கரம் கிளப்பும் புழுதியில் கல்நார் இழை கலந்திருந்ததே காரணம். ஓட்டுநர்கள் அதை எதிர்த்து வாதாடினார்கள். வாதாட அவர்களுக்கு ஒரு வாசல் இருந்தது.

திருகோணமலையின் கதை வேறு. இங்கு முதலில் வேலி போட்டது பிரித்தானியக் கடற்படை. 1930களில் சீனன்குடாவில் எழுந்த எண்ணெய்த் தாங்கித் தொகுதியும், துறைமுகத்தைச் சூழ்ந்த காணிகளும் படையின் கையில் இருந்தன. 1957இல் தளம் இலங்கையிடம் வந்த பிறகும் வேலிகள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றன. அடுத்து வந்தது வனவிலங்குச் சட்டத்தின் வழியான மூடல். நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் ஆனது. இன்று அங்கு கால்வைக்க அனுமதிச்சீட்டு வேண்டும். பவளப்பாறையின் நிலையைப் பார்த்தவர் எவரும் இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்.

சம்பூர் மூடலை அப்படி ஏற்க முடியாது. கொட்டியாரக் குடாவின் தெற்குக் கரையில் சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை என்று அடுத்தடுத்துக் கிடந்த ஊர்கள் 2006 ஏப்ரல் 25 மாலை தொடங்கிய வான்தாக்குதலிலும் ஷெல் வீச்சிலும் வெறுமையாயின. அன்று பகல் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்திருந்தது. செப்டெம்பர் 4 அன்று அரச படையினர் சம்பூரைக் கைப்பற்றினர். அதன் பிறகு ஊருக்குப் போகும் வழிகள் யாவும் அடைபட்டன. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தஞ்சமிருந்த இவ்வூர் மக்களுக்குத் தங்கள் ஊர் அருகில்தான், ஆனால் போக வழியில்லை.

மூதூர் கிழக்கு, சம்பூர் உயர் பாதுகாப்பு வலயத்தை அறிவிக்கும் வர்த்தமானி 2007 மே 30 அன்றுதான் வெளியானது. அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டர் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றமாயிற்று. ஆக, பூட்டுத்தான் முந்தியது, சட்டம் ஏறத்தாழ ஒன்பது மாதம் பிந்தியது. மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. எப்போது திறக்கும் என்ற திகதியும் இல்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் தொடுத்த அடிப்படை உரிமை மனு எடுபடவில்லை. 2008இல் வலயத்தின் எல்லை சுருங்கியது. 2011 ஆகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியானபோது வலயத்தின் சட்ட அடிப்படையே போய்விட்டது. ஆனாலும் பாதை திறக்கவில்லை. 2012இல் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புக்கென்று மூடிய காணி கைத்தொழிலுக்கென்று மாறிய இடம் இதுதான். முதலில் சொன்ன காரணத்தின் நம்பகத்தன்மையை இதைவிட எதுவும் குலைக்க முடியாது.

2015இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முதலீட்டு வலய வர்த்தமானியை நீக்கினார். ஆகஸ்டில் 818 ஏக்கரும் மக்களிடம் வந்தது. கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் விடுவிக்கப்பட்டது. திரும்பி வந்தவர்கள் கண்டது பற்றைக்காடு. வீடுகள் தரைமட்டமாகியிருந்தன. எது யாருடைய வளவு என்று காட்ட வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. கிணற்றையும் நின்ற மரத்தையும் குறியாக வைத்துத்தான் எல்லை பிடிக்க வேண்டியிருந்தது. உறுதி தொலைத்தவர்களுக்கு அதுவும் கடினம். பத்தாண்டு மூடிக்கிடந்த ஓர் ஒழுங்கை, தடையை நீக்கிய மறுநாளே ஒழுங்கை ஆகிவிடாது.

500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கிய காணி மட்டும் திரும்பவில்லை. இந்தியாவுடன் 2006 இறுதியில் உடன்பாடு கண்ட அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரல் 5 அன்று சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதுதான். ஆனால் அத்திட்டத்தின் வேலிக்குள் எந்தத் தடம் அடங்குகிறது, வயலுக்கும் கடலுக்கும் மாற்று வழி எது என்பதை வரைபடமாகக் கிராம அலுவலர் அலுவலகத்தில் ஒட்டிவைத்து, ஊராரின் சொல்லையும் கேட்ட பின்னரே வேலி போட வேண்டும்.