பெர்மனென்ட்டுன்னா எவ்ளோ நாள்?

போன மாசம் ஆபீஸ்ல புரொபேஷன் முடிஞ்சு, 'இனி நீங்க பெர்மனென்ட்'னு லெட்டர் குடுத்தாங்க. ஊருக்கு போன் போட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா, "அப்ப வீட்டுக்கு லோன் போட்ரலாம்ப்பா, 20 வருஷம்தானே" என்றார். ராத்திரி லெட்டரை முழுசா படிச்சா, ஒரு மாச நோட்டீஸ்ல கழட்டி விடலாம்னும் போட்டிருக்கு!

அப்பதான் ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின 'நிலையான நிலவரித் திட்டம்' ஞாபகம் வந்துச்சு. இங்கிலீஷ்ல அதுவும் 'பெர்மனென்ட்' செட்டில்மென்ட்தான்.

1793 மார்ச் 22. வங்காள, பீகார் ஜமீன்தார்கள் கட்டவேண்டிய வரி இனி என்றைக்கும் ஏறாது என்று அறிவித்தார் காரன்வாலிஸ். பத்து வருஷம் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே என்றார் ஜான் ஷோர். காரன்வாலிஸ் கேக்கலை. வரி ஏறாதுன்னு தெரிஞ்சாத்தான் ஜமீன்தார் காடு திருத்தப் பணம் போடுவார்ங்கறது அவர் வாதம். கேக்க நியாயமாத்தான் இருக்கு.

நடந்தது வேற. குத்தகை வசூல்ல 11-ல் 10 பங்கு கம்பெனிக்குன்னு கணக்கு. வெள்ளமோ வறட்சியோ, கெடு நாளன்னிக்கு சூரியன் மறையறதுக்குள்ள கட்டலைன்னா நிலம் ஏலம். இருபது முப்பது வருஷத்துக்குள்ள எத்தனையோ பழைய ஜமீன்கள் கைமாறிப் போச்சு. உழுத குடியானவனுக்கோ எந்த 'நிலையும்' இல்லை. ஓரளவு பாதுகாப்பு தந்த சட்டங்கள் வர 1859-ம் 1885-ம் ஆச்சு.

இதே ஏற்பாடு 1802-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. 1803-ல் ராமநாதபுரம், சிவகங்கைக்குக் குடுத்த சன்னதுகளில் 'இஸ்திம்ரார்' என்றே இருக்கும். நிரந்தரம்னு அர்த்தம். 1948-ல் சென்னை மாகாணச் சட்டம் ஜமீன்களையே ஒழிச்சிடுச்சு. நிரந்தரத்தோட ஆயுசு 145 வருஷம்!

'பெர்மனென்ட்' லத்தீன்லேர்ந்து வந்த வார்த்தை. கடைசி வரைக்கும் தங்குறதுன்னு பொருள். ஆனா எது தங்குதுன்னு பாக்கணும். 1793-ல் நிலைச்சது கட்டவேண்டிய தொகை. கட்டுற ஆளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இப்ப லோன் பாரத்தை மறுபடி பாக்கறேன். 240 தவணை, மாசாமாசம் 5-ம் தேதி. சம்பளத்துக்கு உத்தரவாதம் ஒரு மாசம். அப்பாகிட்ட, "ரெண்டு வருஷம் போகட்டும்ப்பா, கையில கொஞ்சம் சேத்துக்கறேன்"னு சொல்லிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. இந்த ஒரு விஷயத்துல நான் ஜான் ஷோர் கட்சிங்க :-)