ஃபுளோரிடா 2000: எண்ணப்படாத வாக்குகள்

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் கடைசியில் ஃபுளோரிடா என்ற ஒரே மாநிலத்தில் வந்து நின்றது. ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்த அங்கே அல் கோரைவிட ஜார்ஜ் புஷ் 537 வாக்குகள் கூடுதலாகப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மறு எண்ணிக்கைக்கு டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் முடிவுகட்டியது. புஷ் அதிபரானார்.

நாம் பார்க்க வேண்டிய எண் வேறு. அந்த மாநிலத்தில் செல்லாதவை என ஒதுக்கப்பட்ட சீட்டுகள் சுமார் 1,80,000. கறுப்பின வாக்காளரின் சீட்டு ஒதுக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையம் 2001இல் சொன்னது.

படிப்பறிவு போதாது என்பார்கள். நாம் கேட்டுச் சலித்த பதில்தான் அது. காட்ஸ்டன், லியோன் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள். காட்ஸ்டனில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. லியோனில் வாக்குச்சாவடியிலேயே இயந்திரம் இருந்தது. தவறாகக் குறித்த சீட்டை அது திருப்பித் தரும், வாக்காளர் வேறு சீட்டு வாங்கிக் குறிப்பார். காட்ஸ்டனில் சீட்டுகளை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். தவறு தெரியும்போது வாக்காளர் வீடு போய்ச் சேர்ந்திருந்தார். அங்கே எட்டில் ஒரு சீட்டு வீணானது; லியோனில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

சாவடிக்குள்ளேயே நுழைய முடியாதவர்களும் உண்டு. அடிமைமுறை ஒழிந்து கறுப்பின ஆண்கள் வாக்காளர்களான காலத்தில், 1868இல் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பு, குற்றத் தண்டனை பெற்றவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. 2018இல் விதி மாற்றப்படும்வரை, தண்டனை முடிந்தாலும் அது தானாகத் திரும்பவில்லை. 2000 தேர்தலுக்கு முன் அதே விதியைக் காட்டி நீக்கல் பட்டியல் தயாரித்தார்கள். பெயர் ஒத்துப்போன ஒரே காரணத்தால் குற்றமே செய்யாதவர்களும் அதில் சிக்கினார்கள்.

2001 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கூட்டு அமர்வில் கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து முடிவை எதிர்த்தார்கள். எதிர்ப்பு ஏற்கப்பட அப்போது ஒரு செனட்டரின் கையெழுத்து போதுமாக இருந்தது. 100 பேரில் ஒருவரும் போடவில்லை. அவையை நடத்தி அவர்களை உட்காரவைத்தவர், துணை அதிபராக இருந்த அதே அல் கோர். அந்த மக்களின் வாக்கு அவருக்குத் தேவைப்பட்டது. அவர்களின் வழக்கு தேவைப்படவில்லை.

அரசியலில் சமத்துவமும் சமூகத்தில் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து நெடுநாள் நீடிக்க முடியாது என்று 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தார். அந்த ஏற்றத்தாழ்வு வாக்கு எண்ணும் இயந்திரம்வரை போகும் என்பதை ஃபுளோரிடா காட்டியது.

ஆகவே தோழர்களே, அடுத்த தேர்தலில் வித்தியாசம் எத்தனை என்பதோடு நாம் நிற்க வேண்டாம். யார் பெயர் விடுபட்டது, யார் சீட்டு ஒதுக்கப்பட்டது என்பதைத் தெருத்தெருவாகக் கேட்டு எழுதிவைப்போம். நமக்காகக் கையெழுத்துப் போட யாரோ வருவார்கள் என்று காத்திருக்க முடியாது.