வீட்டில் பேசப்படாத தேர்தல்



"பிள்ளைகளிடம் அரசியல் பேசலாமா, டீச்சர்?" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இந்தத் தயக்கம் நம் வீடுகளுக்குள் எப்படி நுழைந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1955 ஜூலை 27. மலாயாக் கூட்டரசின் முதல் பொதுத்தேர்தல். மொத்தம் 52 இடங்கள். பாய்மரக் கப்பல் சின்னத்தில் நின்ற கூட்டணி 51 இடங்களை வென்றது. எஞ்சிய ஒன்று பாஸ் கட்சிக்குச் சென்றது. வடகிந்தாவில் வென்ற வீ.தி.சம்பந்தன் அமைச்சரானார். இவை நாம் அறிந்தவையே. ஆனால் வாக்காளர் பட்டியலைச் சற்றுப் பாருங்கள். பதிந்துகொண்ட ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேரில் மலாய்க்காரர் 84 விழுக்காடு, சீனர் 11 விழுக்காடு. இந்தியர் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை! 1957 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நம்மவர் 11 விழுக்காடு. பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் அன்று குடியுரிமை பெற்றிருக்கவில்லை. தோட்டத்து லயன் வீடுகள் பலவற்றில் வாக்குச் சீட்டைக் கண்ணால் கண்டவரே இருந்திருக்க மாட்டார். தேர்தல் அவர்களுக்கு அடுத்த வீட்டுத் திருமணம் போன்றது. ஓசை கேட்கும், அழைப்பு வராது.

சுதந்திரத்திற்குப் பின் பலர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றனர். பத்திரம் இல்லாதவர், எழுதப்படிக்கத் தெரியாதவர், 'ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம்' என்று இருந்தவர் விடுபட்டுப் போயினர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்கியபோது, அப்படி விடுபட்டவர்களில் பல்லாயிரவர் கப்பலேற நேர்ந்தது. ஓட்டு என்பது வெறும் ஓட்டல்ல, அடுப்பெரியும் காரியம் என்று நம் மக்கள் கற்றுக்கொண்டது அப்போதுதான் என்பேன்.

அடுத்த ஆண்டே மே 10இல் தேர்தல். மே 13இல் கோலாலம்பூரில் கலவரம். நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. தேச நிந்தனைச் சட்டம் திருத்தப்பட்டுக் குடியுரிமை, மொழி, மலாய்க்காரரின் சிறப்புரிமை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்கிப் பேசுவது குற்றமாயிற்று. சட்டம் சொன்னது இவ்வளவுதான். நம் வீடுகளோ அதற்கும் மேலே போயின. "சுவருக்கும் காது உண்டு" என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். வாக்குச் சீட்டில் தொடர் எண் இருக்கிறதே, யாருக்குப் போட்டோம் என்று தெரிந்துவிடுமோ என்ற அச்சம் வேறு. பிள்ளை வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்குத் தெரிய அந்தக் காலத்துச் சிறுவர்கள் அரசியலைக் கற்றது சின்னங்களின் வழியாகத்தான். தராசு, ராக்கெட், நிலா என்று கொடிகளை எண்ணுவோம். எதற்கு என்று கேட்டால் "போய்ப் பாடம் படி" என்பதே விடை.

அந்த மௌனம் கலைந்தது 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பின்னும், 2008 மார்ச் 8 தேர்தலின்போதும். தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. சாப்பாட்டு மேசையில் பெற்றோர் உரக்கப் பேசினர், பிள்ளைகளும் கேட்டனர். ஆனால் மௌனத்திலிருந்து நேராக வசைக்குத் தாவிவிட்டோமோ என்று எனக்கொரு வருத்தம் உண்டு. தலைவர்களைத் திட்டக் கற்ற பிள்ளைக்குச் சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் வேறுபாடு தெரிவதில்லை. நகராண்மைக் கழக உறுப்பினரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "நாமதான்" என்பார்கள். 1951இல் ஜார்ஜ் டவுனிலும் 1952இல் கோலாலம்பூரிலும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது உண்மை. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நியமனம்தான்! குப்பை வண்டி வரவில்லை என்று முணுமுணுக்கும் வீட்டில் இதைப் பேச எந்தக் கட்சியின் பெயரும் தேவையில்லை.

கட்சியின் பெயரை நான் வகுப்பில் உச்சரிப்பதில்லை. அரசு ஊழியருக்கு அது தகாது. பத்து வயதுப் பிள்ளையிடம் அது நியாயமுமன்று. ஆனால் தேர்தல் நாளன்று நம் பள்ளிகள் பலவும் வாக்களிப்பு மையங்கள். ஆசிரியர் பலர் அங்கே பணியாளர்கள். தான் அமரும் வகுப்பறையில் ஏன் மறைப்புப் பெட்டி வைக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், இரகசிய வாக்கைப் பற்றி அங்கேயே சொல்லிவிடலாம்.

2021 டிசம்பர் 15 முதல் வாக்களிக்கும் வயது 18. பதிவும் தானாகவே நடக்கிறது. 2022 நவம்பர் தேர்தலில் 2 கோடியே 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பட்டியலில் இருந்தனர். ஆறாம் ஆண்டு மாணவனுக்கு இன்னும் ஆறே ஆண்டுகள்!

எல்லா மாணவருக்கும் அல்ல. பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கானெகாரா' என்று எழுதப்பட்ட பிள்ளைகள் இன்றும் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் பாட்டிமாரும் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் தேர்தல் பேச்சு வரும்போது பிள்ளை வாய்மூடிக்கொள்வதற்கு 1969 காரணமன்று. பெற்றோர்களே, அலமாரியில் இருக்கும் அந்தப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வயது வரம்பு உண்டு. தேசியப் பதிவுத் துறைக்குத் தனியாகப் போகத் தயங்கினால், பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரிடமோ வகுப்பாசிரியரிடமோ சொல்லுங்கள். பாரத்தை நிரப்பவாவது உதவுவோம்.