தொட்டிக்குள் ஒரு பொறி

பாலாற்றங்கரையில் உள்ள ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதை நேயர்கள் அறிவார்கள். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு என்னும் உப்பையும் சேர்ப்பது வழக்கம். அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோடு கலக்குமாயின் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது அழுகிய முட்டையின் நாற்றமுடையது. ஆனால் செறிவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் உடன் மடிவதுண்டு. ஆகவே, உள்ளே இருப்பவரோடு மேலே நிற்பவர் இடையறாது தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும். அதற்கு வாக்கி-டாக்கி என்னும் கம்பியில்லாக் கருவி பெருந்துணை.

ஆயினும் அந்த வாயு நஞ்சு மட்டுமன்று, தீப்பற்றுவதுமாகும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கிற்கு மேல் சேர்ந்தால் வெடிக்கவல்லது. மீத்தேனைப் பற்றவைக்கும் பொறியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆற்றலே இதற்குப் போதும். “ஏழெட்டு வோல்ட் மின்கலம் உள்ள சிறு கருவி என்ன செய்துவிடும்?” என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை, நூறாண்டுகளுக்கு முந்திய நிலக்கரிச் சுரங்க வரலாற்றில் இருக்கிறது.

1913 அக்டோபர் 14ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் செங்கெனித் என்னும் ஊரின் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்கள் மாண்டனர். தீ எங்கே தொடங்கியது என்பதை விசாரணையால் உறுதியாகக் கூற இயலவில்லை. எனினும் ஐயம் விழுந்த பொருள்களுள் ஒன்று, மிக அற்பமானது: மணி அடிக்கும் மின்கம்பி. சுரங்கப் பாதை நெடுக உறையில்லாத இரு கம்பிகள் ஓடும். தொழிலாளி அவற்றை ஓர் இரும்புத் துண்டால் இணைத்தால் இயந்திர அறையில் மணி ஒலிக்கும். மின்னழுத்தம் 25 வோல்ட்டுக்கு மேற்படலாகாது என்று விதி இருந்தது. அவ்வளவு குறைந்த மின்சாரம் தீங்கற்றது என்றே எல்லோரும் நம்பினர்.

வீலர், தார்ன்டன் என்னும் இரு அறிஞர்கள் அதன்பின் செய்த சோதனைகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. குற்றம் வோல்ட்டில் இல்லை. மணியின் கம்பிச்சுருளில் இருந்தது. விரைந்தோடும் வண்டி சட்டென்று நிற்காததைப் போல, சுற்று அறுபடும் கணத்தில் சுருளில் தேங்கிய ஆற்றல் முழுவதும் பொறியாக வெளிப்படுகிறது. அந்தத் தேக்கத்தைக் குறைத்தால் பொறி தோன்றினாலும் வாயு பற்றாது. “இயல்பிலேயே பாதுகாப்பான” மின்கருவி என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது. விளக்கைப்போல் கனத்த இரும்புக் கூட்டில் வைத்து அடைப்பதைவிட இதுவே மேலான வழி என்பது என் எண்ணம். இரும்புக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு யாரால் ஏணியில் இறங்க முடியும்?

நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1976இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. போதிய காப்பு இல்லாவிடில் தொட்டிக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது என்றும், தீப்பற்றும் வாயு இருக்கக்கூடுமாயின் தீக்காப்புள்ள விளக்கே வேண்டும் என்றும் அது இரண்டையும் தனித்தனியே கூறிற்று. முன்னது மின்னதிர்ச்சிக்குக் காவல், பின்னது தீக்குக் காவல். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே செங்கெனித் காலத்துப் பழைய பிழை.

கம்பியில்லாக் கருவிக்கு மற்றொரு வரம்பும் உண்டு. அது வீசும் அலை அருகிலுள்ள இரும்பில் மின்னோட்டத்தை எழுப்பக்கூடும். ஆதலால் இவ்வாயு சேர்ந்த வகுப்புக்கு 3.5 வாட் என்று சர்வதேசத் தரம் வரையறுத்துள்ளது. சாதாரணக் கைக்கருவிகளுள் நான்கைந்து வாட் உடையவை பல. தகுதி பெற்ற கருவியில் அதற்கான முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அத்தகைய கருவியின் மின்கலத்தைக்கூடத் தொட்டிக்குள் கழற்றி மாற்றலாகாது. மேலேறி வந்து, திறந்த வெளியில்தான் மாற்றவேண்டும்.