நாலெல்லையும் ஒரு தபால் பெட்டியும்

காரைக்காலில் வீட்டுப் பத்திரம் எழுத உட்காரும் குமாஸ்தா முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர் பெயரை. கிழக்கே யார், மேற்கே யார், தெற்கே யாருடைய கொல்லை, வடக்கே எந்த வீதி. இந்த நாலெல்லை ஒழுங்காக விழுந்துவிட்டால் மிச்சமெல்லாம் பழகிய வாசகம். பிரெஞ்சு முறைப்படி பத்திரம் எழுதி உறுதிசெய்யும் நொத்தேரின் அலுவலகத்தில் நான் எழுத்துக்குச் சேர்ந்தபோது பெரிய குமாஸ்தா சொன்னார்: "தம்பி, அளவு தப்புனா மறுபடி அளந்துக்கலாம். எல்லையில பேரு தப்புனா ரெண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும்."

தபாலும் இதே வழியில்தான் வீடு சேர்ந்தது. கட்சிக்காரர்கள் பத்திரக் கட்டோடு பழைய கடுதாசி உறைகளையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த வீட்டில் தாத்தா குடியிருந்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. விலாசத்தைப் பார்த்தால் பாதி பத்திரம்போலவே இருக்கும்: காரைக்கால், பெருமாள் கோயில் வீதி, எண்ணெய்க் கடைக்கு மேல்புறம், இன்னார் வீட்டுக்கு எதிர்வீடு. கதவு எண் இருக்காது. அந்த 'இன்னார்' இல்லாமல் கடுதாசி நகராது. பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தில் எல்லை, உறையில் அடையாளம். அவரோடு சண்டை வந்தால் இரண்டுக்கும் ஆபத்து.

அமெரிக்கக் கிராமங்களில் சங்கதி வேறு. 1896இல் அங்கே கிராமத்து வீடுகளுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். தபால்காரர் வண்டியை விட்டு இறங்கத் தேவையில்லாமல் ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாலையோரத்தில் கம்பம் நட்டு ஒரு பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கம்பம் யார் நிலத்தில் நிற்கிறது, வண்டியை ஒடிக்கும்போது இடித்தது யார் என்று அங்கே அக்கம்பக்கம் மல்லுக்கு நிற்கிறது. நம் ஊரில் சாலையோரப் பெட்டி என்றால் சர்க்கார் வைத்த சிவப்புப் பெட்டி ஒன்றுதான். அது கடுதாசி போட. வரும் கடுதாசிக்குத் திண்ணை. ஆகவே எங்கள் வழக்குகள் எல்லாம் திண்ணையிலும் சுவரிலும் நடந்தன.

இந்தச் சின்ன ஊருக்குக் கடுதாசி வந்த வழிகளைச் சொன்னால்தான் அந்தச் சண்டைகளின் கனம் புரியும். பாண்டிச்சேரியில் துய்மா கவர்னராக இருந்தபோது, தஞ்சை மராத்திய அரசர் சாகுஜியிடம் பேரம் பேசி, 1739 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கையில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலேயரிடம் போவதும் திரும்புவதுமாக இருந்து, 1817இல் கடைசியாகப் பிரெஞ்சுக் கொடி ஏறியது. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர், இரண்டுக்கும் நடுவே 160 சதுர கிலோமீட்டர் நிலம். மூன்று பக்கம் ஆங்கிலேயச் சீமை, நாலாவது பக்கம் கடல். ஊருக்கே ஒரு நாலெல்லை எழுதிவிடலாம்.

இந்த இடத்துக்குள் இரண்டு தபால் இருந்தது. பிரெஞ்சுத் தபால் ஒன்று. ஆங்கிலேய இந்தியத் தபால் நடத்திய ஆபீஸ் இன்னொன்று. பிரெஞ்சிந்தியாவுக்கென்று தனித் தபால்தலை 1892இல் வந்தது. 1923 முதல் அதில் ஃபனோன், காஷ் என்று விலை அச்சிட்டார்கள்; 8 ஃபனோன் ஒரு ரூபாய், 24 காஷ் ஒரு ஃபனோன். 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்தது. கட்சிக்காரர்கள் கொண்டுவந்த ஒரே கட்டில் ஆங்கிலேய ராணி தலையும் பிரெஞ்சுத் தலையும் ஒட்டிய உறைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே குடும்பம், ஒரே வீடு.

இவ்வளவு தபால் எதற்கு என்றால், ஊரில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் மர்த்தினீக் தீவுக்கு முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. 1861இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒப்பந்தம் போட்ட பிறகு காரைக்கால் துறையிலிருந்தும் ஆளேற்றினார்கள். கூலிக்குப் போனவர்கள் எழுதிய கடுதாசி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் போனது சைகோனுக்கு. மரைக்காயர்களும் ராவுத்தர்களும் துணிக்கடை வைத்தார்கள். சைகோன் தோங் து தெருவில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. கிறிஸ்தவர்களும் வேறு சிலரும் பிரெஞ்சு உத்தியோகத்துக்கும் பட்டாளத்துக்கும் போனார்கள்.

பட்டாளம், உத்தியோகம் என்று போனவர்களில் பலர் 1881 செப்டம்பர் ஆணைப்படி தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள். வரும்போது ஒரு குடும்பப் பெயரும் பதிந்துகொள்ள வேண்டும். பெயர் மாறியது சைகோனுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. உறையில் புதுப் பெயரோடு கடுதாசி வரும். தபால்காரர் தெருமுனையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடுவார். ஒருவரும் திரும்பமாட்டார்கள். கடைசியில் திண்ணையில் இருக்கிற ஒரு கிழவி, "அது நம்ம மேலவூட்டுப் பையனாத்தான் இருக்கும், குடுத்துட்டுப் போ" என்பாள். ஊர்ப் பெயரிலும் இந்தக் கூத்து உண்டு. திருமலைராயன்பட்டினத்துக்குப் பிரெஞ்சுக் காகிதங்களில் 'கிராந்த் அல்தே' என்று பெயர். சைகோன் மகன் ஒரு பெயரில் எழுதுவான், பினாங்கு மருமகன் இன்னொரு பெயரில் எழுதுவான்; இரண்டும் ஒரே திண்ணைக்கு வந்து சேரும்.

திண்ணை என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அதில் இரண்டு பகுதி உண்டு. வாசல் கதவுக்கு இரு பக்கமும் இருக்கும் மேடை திண்ணை. அதற்கு முன்னால், தெருவை ஒட்டி, மரக்கால் நட்டு ஓடு சாய்த்தது தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குவது தாழ்வாரத்தில். திண்ணை வீட்டுக்காரருடையது என்பதில் தகராறு இல்லை. தாழ்வாரம் நிற்பது தெரு நிலத்தில். ஓடு உங்களுடையது, மரக்கால் உங்களுடையது, அதன் கீழே இருக்கும் தரை ஊருடையது. தோமாஸ் அருள் வீதி, லெமேர் வீதி, மாமா தம்பி மரைக்காயர் வீதி பக்கமெல்லாம் வீடுகள் சுவரோடு சுவராக நின்றவை. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் விழுந்த கடுதாசி காற்றில் இரண்டடி நகர்ந்தால் அடுத்த வீட்டுக் கடுதாசி.

இழப்பு என்று பார்த்தால் பல சமயம் தபால்தலைதான். பக்கத்து வீட்டுப் பையன் இந்தோசீனத் தபால்தலையை உறையோடு கிழித்துக்கொண்டு போயிருப்பான். ஆனால் சண்டை தபால்தலையோடு நிற்காது. பணம் வந்தது தெரிந்துவிட்டதே என்ற ஆத்திரம் உள்ளே இருக்கும். சைகோன் கடுதாசி வந்த மறுநாள் கைமாற்று கேட்டு நாலு பேர் வருவார்கள். யார் சொன்னது? திண்ணையில் வாங்கி வைத்தவர்தான் சொல்லியிருக்க வேண்டும். இதற்குப் பழிவாங்க ஒருவர் செய்ததை இப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவேன்: தன் பெயரை இனிமேல் யாரும் விலாசத்தில் எழுதக் கூடாது என்று நோட்டீஸ் கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நொத்தேர் அவரைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரர் உங்க பேரை எழுதாம இருந்தா அவர் பத்திரத்துல மேக்கால யார் பேரை எழுதுறது?" என்றார். வந்தவர் காபி குடித்துவிட்டுப் போனார்.

சுவர் விவகாரம் அப்படி முடியாது. அதற்குச் சட்டம் இருந்தது. 1819 ஜனவரியில் பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே பிரகடனம் செய்தபோது, கல்யாணம், வாரிசு போன்றவற்றில் இந்தியர்கள் தங்கள் வழக்கப்படியே தீர்ப்புப் பெறலாம் என்று விட்டுவைத்தார்கள். சுவருக்குச் சாதி வழக்கம் கிடையாது; அது சிவில் கோடுக்குள் போனது. இரண்டு வீட்டைப் பிரிக்கும் சுவர், வேறு ஆதாரம் இல்லாவிட்டால், இருவருக்கும் பொது என்றது 653ஆம் பிரிவு. சுவரின் தலை ஒரு பக்கமாக மட்டும் சரிந்து, மழைத்தண்ணீர் அந்தப் பக்கமே விழுமானால் சுவர் அந்தப் பக்கத்தவருக்கே சொந்தம் என்றது 654. உங்கள் ஓட்டுத் தண்ணீர் உங்கள் மனையிலோ தெருவிலோ விழலாம், அடுத்தவர் மனையில் விழக் கூடாது என்றது 681. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் மரத்தை எல்லையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நட வேண்டும் என்றது 671. எங்கள் ஊரில் தென்னை மரம் வைக்காத கொல்லை உண்டா? அந்த ஒரு பிரிவை அப்படியே நடத்தியிருந்தால் காரைக்காலில் பாதிக் கொல்லை மொட்டையாகியிருக்கும்.

தபால் பெட்டிக்கு வேண்டியது 662. பொதுச் சுவரில் பள்ளம் பறிப்பதோ, எதையும் பொருத்துவதோ, சாய்த்துக் கட்டுவதோ மற்றவர் சம்மதம் இல்லாமல் கூடாது. அவர் மறுத்தால் நிபுணரை வைத்து, அவர் உரிமைக்குக் கேடு வராத வழியைத் தீர்மானிக்க வேண்டும். எங்கள் ஊரில் நிபுணர் என்றால் பெரும்பாலும் ஒரு மூத்த கொத்தனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பிரிவைத் தேடி எடுக்க வேண்டி வந்தது. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்து, 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் சட்டப்படி அமலாகி, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் ஊரில் ஒரு கணிசமான கூட்டம். அவர்களில் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். பிரான்சில் மகனோடு சில காலம் இருந்துவிட்டுத் திரும்பும்போது பூட்டுப் போட்ட இரும்புத் தபால் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே 1979 முதல் புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கு, மனை விளிம்பில், தெருவைப் பார்த்து, ஒரே அளவுப் பெட்டி வைக்க வேண்டும் என்று விதி. அவர் அதைப் பார்த்து மயங்கிவிட்டார். ஆண்டுதோறும் பென்ஷன் நிற்காமல் வர உயிரோடு இருக்கும் சான்றைப் பிரெஞ்சு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்; அதற்கான காகிதம் தொலைந்தால் சோறு தொலைந்த மாதிரி. பக்கத்து வீட்டுத் திண்ணையை நம்ப அவர் தயாரில்லை.

பெட்டியை அடித்த இடம் பொதுச் சுவரின் தெருமுகம். பக்கத்து வீடு ஒரு மரைக்காயர் குடும்பத்துடையது. பெரியவர் என்னிடம்தான் முதலில் வந்தார். "தம்பி, பெட்டி வைக்கட்டும், வேண்டாங்கல. எங்க வூட்டு உத்தரம் அந்தச் சுவத்துலதான் குந்தியிருக்கு. சுண்ணாம்புச் சுவரு. நாலு ஆணி அடிச்சா உதிருமா உதிராதா?" சொல்தா தரப்பில் வாதம் வேறு: "நானா, உங்க தாத்தா உத்தரம் வச்சப்ப எங்க தாத்தாகிட்ட கேட்டாரா?" கேட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை, பொதுச் சுவரில் உத்தரம் ஏற்ற 657ஆம் பிரிவு இருவருக்குமே உரிமை தந்தது, மறுபக்கத்தில் 54 மில்லிமீட்டர் கனம் விட்டுவிட்டால் போதும். இதை நான் விளக்கியபோது சொல்தாவுக்குக் கோபம் கூடியது. உத்தரத்துக்கு உரிமை உண்டு, பெட்டிக்குச் சம்மதம் வேண்டுமா? சட்டம் அப்படித்தான் எழுதியிருந்தது.

பிரெஞ்சு நடைமுறையில் வழக்குக்கு முன்னால் சமாதான நீதிபதியிடம் ராசி பேச வேண்டும். அந்தக் கோர்ட்டு அப்போது இல்லை, பழக்கம் மிச்சமிருந்தது. நொத்தேர் இருவரையும் உட்காரவைத்தார். கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்து, ஆணி தாங்காது என்றார். ஒரு மணி நேரம் பேசியபின் பெட்டி சுவரை விட்டு இறங்கித் தாழ்வாரத்தின் மரக்காலில் ஏறியது. மரக்கால் சொல்தாவுடையது. அது நின்ற தரை இருவருடையதும் அல்ல, ஆகையால் இருவருக்கும் ஆட்சேபம் இல்லை. சம்மதப் பத்திரம் எழுதியது நான். நாலெல்லை போட்டுத்தான் எழுதினேன், ஒரு பெட்டிக்கு.

அப்புறம் வேடிக்கை. தபால்காரர் அந்தப் பெட்டியில் ஒரு நாளும் கடுதாசி போட்டதில்லை. கையில் கொடுத்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பொங்கலுக்குக் காசு வாங்கிப் பழகியவர். சொல்தா இல்லாத நாளில் மரைக்காயர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "நானா, இதைக் கொஞ்சம் வச்சிருங்க" என்று அங்கேயே கொடுத்தார். பெரியவரும் வாங்கி வைத்தார். வடிகால் வேலை வந்து தாழ்வாரம் போனபோது பெட்டியும் போனது.

1972இல் அஞ்சல் குறியீட்டு எண் வந்ததால் விலாசம் சுருங்கும் என்று நினைத்தோம். காரைக்காலுக்கு 609602, மயிலாடுதுறை 609001, புதுச்சேரி 605001. ஆட்சி வடக்கே, எண் பக்கத்து ஊரோடு. ஆனாலும் எண்ணுக்குக் கீழே 'கோயில் எதிரில்' என்று எழுதுவது நிற்கவில்லை. நின்றது வேறிடத்தில். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்களில் குடியிருப்புகள் கட்டினார்கள். வரிசை, வரிசைக்குள் எண். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாமல் ஒரு வீட்டைச் சொல்ல முடிந்தது. பத்திர வேலையாக அங்கே போனபோது ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "எண்ணு சரிதான் சார், எங்கூட்டுக்கு மேக்கால யாருன்னு இதுல போடலியே?"

இப்போது கடுதாசி குறைந்து பார்சல் வருகிறது. பையன்கள் வண்டியில் இருந்தபடியே போன் செய்து, "பக்கத்துல என்ன சார் இருக்கு?" என்கிறார்கள். ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். தம்பி வீட்டு மிக்சி ஜார் அண்ணன் வீட்டில் நாலு நாளாக இருக்கிறது; கேட்டு வாங்கித் தரச் சொல்லி இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்துவிட்டார்கள்.