மயிலிறகு குட்டி போடும் என்னும் நம்பிக்கை

மயிலிறகு குட்டி போடும் என்பது தமிழகத்துச் சிறுவர் சிறுமியரிடையே வழங்கிவரும் ஒரு நம்பிக்கை ஆகும். புத்தகத்தின் தாள்களுக்கிடையே மயிலிறகை வைத்து, அதற்கு உணவிட்டுக் காத்திருந்தால் அது சிறிய இறகுகளை ஈனும் என்பது இதன் சாரம். தொடக்கப்பள்ளி வயதில் தோன்றும் இந்நம்பிக்கை, பெரும்பாலும் நடுநிலை வகுப்புகளில் தானே மறைந்துவிடுகின்றது. மேலைநாட்டுக் குழந்தைகள் கிறித்துமசு தாத்தாவின் மீது கொள்ளும் நம்பிக்கையுடன் இது ஒப்பிடத்தக்கது.

வழக்கம்

மயில்கள் நடமாடும் வயல்வெளிகளிலும் மலையடிவாரங்களிலும் (எ.கா. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை அடிவாரம்) உதிர்ந்த இறகுகளைச் சிறுவர்கள் பொறுக்கி எடுப்பர். பிற இடங்களில் திருவிழாக் கடைகளில் வாங்குவதும் நண்பர்களிடம் பண்டமாற்றாகப் பெறுவதும் உண்டு. இடத்துக்கு இடம் சிறு வேறுபாடுகள் இருப்பினும், பொதுவாகச் சொல்லப்படும் விதிகள் பின்வருமாறு:

* இறகைப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடவேண்டும்.
* பென்சில் சீவல், அரிசி போன்றவற்றை அதற்கு உணவாக இடவேண்டும்.
* இறகுக்கு வானத்தைக் காட்டக்கூடாது, வெயில் படக்கூடாது.
* அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது.

பெயர்

தமிழில் பறவையின் இளமையைக் குஞ்சு என்பதே இன்றைய வழக்கு. தொல்காப்பியத்தின் மரபியல் பறவைகளுக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைத் தருகின்றது. குட்டி என்பதை வெருகு, எலி, அணில் முதலிய விலங்குகளுக்கு உரியதாகக் கூறுகின்றது. எனினும் மயிலிறகு 'குஞ்சு பொரிக்கும்' என்று சிறுவர்கள் சொல்வதில்லை; 'குட்டி போடும்' என்றே சொல்கின்றனர். குட்டி என்னும் சொல்லுக்குச் சிறியது என்ற பொருளும் உண்டு என்பது இங்கு கருதத்தக்கது.

அறிவியல் விளக்கம்

இறகு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகம், முடி ஆகியவற்றைப் போலவே முழுதும் வளர்ந்த இறகும் உயிரற்ற பொருளாகும். எனவே அது உண்ணவோ பெருகவோ இயலாது. கண் போன்ற வடிவமுடைய நீண்ட தோகை இறகுகள் ஆண் மயிலுக்கே உரியவை. இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் ஆண்டுதோறும் இவை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. குஞ்சுகளோ பெண் மயில் இடும் முட்டைகளிலிருந்து, ஏறத்தாழ 28 நாள் அடைகாத்தலுக்குப் பின் வெளிவருகின்றன.

ஆயினும் சில வேளைகளில் புத்தகத்தைத் திறக்கும்போது சிறு இழைகள் தனியே கிடப்பதுண்டு. இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைக்கும் இழைகள், அழுத்தத்தாலும் உராய்வாலும் கழன்று விழுவதே இதற்குக் காரணம். இவற்றையே சிறுவர்கள் குட்டிகள் எனக் கொள்கின்றனர்.

நம்பிக்கை நிலைப்பதற்கான காரணங்கள்

மேற்கண்ட விதிகளே இந்நம்பிக்கையின் பாதுகாப்பு அரணாகவும் உள்ளன. குட்டி கிடைத்தால் நம்பிக்கை உறுதிப்படும். கிடைக்காவிட்டால் திறந்து பார்த்ததோ வெயில் பட்டதோ காரணமாகிவிடும். இரு முடிவுகளாலும் நம்பிக்கை தோற்பதில்லை. பொய்ப்பிக்க இயலாத கூற்று அறிவியல் கூற்று ஆகாது என்று 1934-ல் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் முன்வைத்த கருத்துக்கு இது எளிய எடுத்துக்காட்டாகும். தொடக்கத்திலேயே இழைகளை எண்ணிக் குறித்துவைத்து, பின்னர் தண்டில் எஞ்சியவற்றையும் கழன்றவற்றையும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் மாறாதிருப்பது விளங்கும்.

நம்பிக்கை அகலும் வயது

உயிரற்ற பொருள்களுக்கும் உயிர் உண்டு எனக் கருதுவது இளங்குழந்தைகளின் சிந்தனை இயல்பு என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் சான் பியாசே விளக்கினார். அவரது கோட்பாட்டின்படி, ஏறத்தாழ 7 வயதிலிருந்து கண்கூடான பொருள்களைப் பற்றித் தருக்க முறையில் சிந்திக்கும் ஆற்றல் வளர்கின்றது.

கிறித்துமசு தாத்தா குறித்து அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளும் இவ்வயதையே சுட்டுகின்றன. 1978-ல் வெளியான ஓர் ஆய்வில் 4 வயதினரில் 85 விழுக்காட்டினரும், 6 வயதினரில் 65 விழுக்காட்டினரும், 8 வயதினரில் 25 விழுக்காட்டினரும் அவர் இருப்பதாக நம்பினர். 1897-ல் நியூயார்க் நகரின் 'தி சன்' நாளிதழுக்கு அவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்டெழுதிய சிறுமி வர்ச்சினியாவுக்கும் வயது 8. 1994-ல் வெளியான மற்றோர் ஆய்வு, உண்மையை அறிந்த குழந்தைகள் பெரும்பாலும் அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டனர் என்றும், வருந்தியவர்கள் பெற்றோரே என்றும் தெரிவித்தது.

இவ்விரு நம்பிக்கைகளுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. கிறித்துமசு தாத்தாவைப் பெரியவர்கள் திட்டமிட்டுப் பேணுகின்றனர். பரிசுகளை இரவில் மறைத்து வைக்கின்றனர். ஆகவே உண்மை வெளிப்படும்போது 'ஏன் பொய் சொன்னீர்கள்?' என்ற கேள்வி பெற்றோரை நோக்கி எழுகின்றது. மயிலிறகு நம்பிக்கையோ குழந்தைகளிடமிருந்து குழந்தைகளுக்கே செல்வது. இங்கு ஏமாற்றியவர் என எவரும் இல்லை. உண்மையை யாரும் அறிவிப்பதும் இல்லை. ஒரு கட்டத்தில் அக்குழந்தை புத்தகத்தைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிடுகின்றது.

சட்டநிலை

மயில் 1963-ல் இந்தியாவின் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. மயிலைக் கொல்வதும் பிடிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். இயல்பாக உதிர்ந்த இறகுகளுக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு. எனவே உதிர்ந்த இறகைப் புத்தகத்தில் வைத்திருப்பது குற்றமன்று. இறகுக்காக மயிலைத் துன்புறுத்துவது குற்றமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மயில்
* பூச்சாண்டி
* கிறித்துமசு தாத்தா
* கல்வராயன் மலை