மதிய உணவைத் துறந்த மாணவன்

மலாயாவில் காடு வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் மலைக்காய்ச்சலுக்கு இரையான நம்மவர் எண்ணற்றோர். விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் அழைத்து முடிந்தவுடன் ஆளுக்கொரு மடக்குக் கொய்னாத் தண்ணீரை ஊற்றி, கண்முன்னே விழுங்கச் செய்த தோட்டங்கள் பல. அதன் கசப்பைச் சொல்லும்போதே முகம் சுளித்த பாட்டிமாரை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கசப்பு மருந்தைத் தன் வீட்டு அறையிலே செய்துவிடலாமென்று முனைந்து, அதிலே தோற்றுப்போன ஒரு மாணவனின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவன் பெயர் வில்லியம் ஹென்றி பெர்க்கின். அவன் பெயர் வருமிடத்திலெல்லாம் ‘தற்செயலாக’ என்னும் சொல்லும் கூடவே வரும். அச்சொல்லை நாம் முழுதும் ஒப்புவதற்கில்லை.

1838-ம் ஆண்டு லண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியில் பிறந்தவன். தச்சுத்தொழிலில் வளர்ந்து கட்டடக் குத்தகை எடுத்து வந்த ஒருவரின் கடைசி மகன். பன்னிரண்டு பதின்மூன்று வயதளவில் தோழன் ஒருவன் சில ரசாயனச் சோதனைகளைச் செய்து காட்டினான். தெளிந்த நீரிலிருந்து பளிங்குகள் ஒழுங்கான வடிவத்தோடு தாமே திரள்வதைக் கண்ட நாள்முதல், சீசாக்களைச் சேர்க்கத் தொடங்கினான் சிறுவன். ஓவியத்திலும் அவனுக்கு ஆசை, புகைப்படத்திலும் ஆசை. பதினான்காம் வயதில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் ஒன்று இன்றும் உண்டு. அக்காலத்துப் புகைப்படம் பொத்தானை அமுக்கினால் வருவதன்று. மருந்துகளைக் கலப்பதும், தட்டில் பூசுவதும், படத்தைக் கழுவி எடுப்பதும் எடுப்பவன் கைவேலையே. விளையாட்டென்ற பெயரில் அவன் பயின்றது ரசாயனமே என்க.

அவன் சேர்ந்த பள்ளி ‘சிட்டி ஆப் லண்டன்’ பாடசாலை. இலத்தீன் முதலிய பழம்பாடங்களுக்கே அக்காலத்தில் மதிப்பு. ரசாயனத்துக்கு அட்டவணையில் இடமில்லை. ஆயினும் தாமஸ் ஹால் என்னும் உபாத்தியாயர், மதிய உணவு வேளையில் வாரம் இருமுறை ரசாயனச் சொற்பொழிவு செய்து வந்தார். உணவா ரசாயனமா என்று வந்தபோது பெர்க்கின் உணவைக் கைவிட்டான். பசியோடு வந்து முன்னே நின்ற பையனை ஹால் கவனித்தார். சோதனைகளுக்கு வேண்டியவற்றை எடுத்து வைக்கவும், குடுவைகளைக் கழுவவும் அவனை உடன்வைத்துக் கொண்டார்.

இதை எழுதும்போது நம் பள்ளி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. நாம் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள். நாம் பயின்ற பள்ளியிலும் கண்ணாடி அலமாரி நிறையக் குடுவைகள் இருந்தன. சாவி மட்டும் தலைமையாசிரியரின் மேசைக்குள் இருந்தது. சோதனைகளையெல்லாம் செய்யுள்போல் நெட்டுருச் செய்து ஒப்பித்தோம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். எந்தத் திரவம் எப்படி மணக்குமென்று இன்றும் நமக்குத் தெரியாது. நிற்க.

ஹாலின் தூண்டுதலால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே ஆற்றும் சொற்பொழிவுகளைக் கேட்க அனுமதி வேண்டிப் பெர்க்கின் கடிதம் எழுதினான். உலகப் புகழ் பெற்ற அறிஞர், ஒரு பள்ளிச் சிறுவனுக்குத் தம் கையாலேயே விடை எழுதி அனுமதி தந்தார். பாரடேயின் வரலாற்றை அறிந்தவர் இதில் வியப்படையார். அவரே புத்தகம் தைக்கும் கடையில் பயிற்சியாளாக இருந்தவர். 1812-ம் ஆண்டு பிறர் தந்த சீட்டால் அதே மண்டபத்தில் நுழைந்து ஹம்பிரி டேவியின் பேச்சைக் கேட்டு, குறிப்பெடுத்துத் தைத்து அவருக்கே அனுப்பி, மறு ஆண்டில் அங்கே வேலை பெற்றவர்.

தந்தைக்கோ மகன் கட்டடச் சிற்பியாக வேண்டுமென்று ஆசை. ரசாயனத்தால் வயிறு நிறையுமா என்ற ஐயம் அவருக்கிருந்தது. அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு மனமில்லை. ஹால் பலமுறை அவரைக் கண்டு பேசினார். முடிவில் தந்தை இசைந்தார். 1853-ல், பதினைந்தாம் வயதில், ராயல் ரசாயனக் கல்லூரியில் ஜெர்மானியப் பேராசிரியர் ஹாப்மனிடம் பெர்க்கின் மாணவனானான். ஹாலும் ஹாப்மனிடம் பயின்றவரே.

பகலெல்லாம் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கே சரியாகிவிட்டது. சொந்த ஆசைக்கு வேறு வேளை வேண்டும் அன்றோ? வீட்டிலே நீண்டு ஒடுங்கிய ஓர் அறையின் பாதியை வாலிபன் சோதனைச்சாலையாக்கினான். ஒரு மேசை, சீசா வைக்கச் சில பலகைகள், கணப்பு அடுப்பிருந்த இடத்தில் ஓர் உலை. குழாய்த் தண்ணீர் இல்லை; எரிவாயுவும் இல்லை; சாராய விளக்கே துணை.

1856-ம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. ஹாப்மன் தாய்நாடு சென்றிருந்தார். கொய்னாவைச் செயற்கையாய்ச் செய்ய இயலுமென்று அவர் முன்பு எழுதிய கருத்தைப் பதினெட்டு வயது மாணவன் மனத்தில் வைத்திருந்தான். அன்று கொய்னாவுக்கு வழி சிங்கோனா மரப்பட்டை ஒன்றே. அம்மரமோ தென்னமெரிக்க மலைகளில் வளர்வது. நம் நீலகிரியில் அதைப் பயிரிட்டது 1860-க்குப் பின்னரே. நிலக்கரித் தாரின் வழிவந்த ஒரு பொருளில் இரு பங்கெடுத்து, பிராணவாயுவைக் கூட்டி, தண்ணீரைக் கழித்தால் கொய்னாவின் அணுத்தொகை வந்துவிடுமென்று கணக்கிட்டான். தாளில் கணக்குச் சரிதான். ஆனால் புத்தகத்தில் கூட்டல் ஒத்துவந்ததால் கிடங்கில் சரக்கு இருந்துவிடுமா? கணக்கெழுதிப் பிழைக்கும் நம்போன்ற கிராணிமாருக்கு இது நன்றாய் விளங்கும். அணுக்கள் எத்தனை என்பதோடு எவ்வாறு கோக்கப்பட்டுள்ளன என்பதும் பொருளைத் தீர்மானிக்கிறது. அவ்வுண்மை அன்று எவருக்கும் தெளிவாகவில்லை.

கிடைத்தது அழுக்குச் சிவப்புத் தூள். ஏன் இப்படியாயிற்று என்றறிய, இன்னும் எளிய பொருளான அனிலினைக் கொண்டு அதே சோதனையைச் செய்தான். இம்முறை கரிய கசடு. குடுவையைத் தூய்மை செய்யச் சாராயம் ஊற்றியபோது அழகிய ஊதா நிறம் கரைந்து வந்தது.

இதைத்தான் தற்செயல் என்கிறார்கள். அனிலினில் வேறொரு பொருள் கலந்திருந்திராவிடில் அந்நிறம் பிறந்திராது. அவ்வளவும் அதிருஷ்டமே, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கரிய கசடு அதற்கு முன்னும் எத்தனையோ குடுவைகளில் தோன்றிக் கழுநீரோடு போயிற்று. முதல் தோல்வியோடு நிறுத்தாமல் காரணம் தேடியதும், நிறத்தைக் கண்டவுடன் பட்டுத்துணியை அதில் தோய்த்துப் பார்த்ததும், துவைத்தும் வெயிலில் வைத்தும் சோதித்ததும் அதிருஷ்டமல்ல. தூரிகையும் புகைப்படத் தட்டும் பிடித்துப் பழகிய கண் அது. பரீட்சைக்குப் படித்தவனாயின் ‘கொய்னா வரவில்லை’ என்று எழுதி மூடியிருப்பான்.

1856 ஆகஸ்டில் அவன் காப்புரிமை பெற்றான். ஹாப்மனுக்கு வருத்தமே, இளைஞன் ஆராய்ச்சியை விட்டு வியாபாரத்தில் இறங்குகிறானே என்று. மகனைக் கட்டடச் சிற்பியாக்க நினைத்த தந்தையோ தம் வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையில் போட்டார்! அதனினும் பெரிய நம்பிக்கையை நாம் இவ்வரலாற்றில் வேறெங்கும் காணவில்லை. சாயம் வென்றது, 1874-ல், முப்பத்தாறு வயதிலேயே, பெர்க்கின் தொழிலை விற்று மீண்டும் ஆராய்ச்சிக்குத் திரும்பினார்.

இவ்வெற்றிக்கு மறுபுறமும் உண்டு. 1869 முதல் அவரும் ஜெர்மானியரும் அலிசரின் என்னும் சிவப்பைத் தாரிலிருந்து செய்து விற்றனர். சோழமண்டலக் கரையில் நம் முன்னோர் தோண்டியெடுத்த சாயவேரின் சிவப்பும் அதே பொருள்தான். மலிவான சீமைச் சாயம் வந்து இறங்கவே, வேர் தோண்டியவர் பிழைப்புப் போயிற்று.

கொய்னா என்னவாயிற்று? சிங்கோனா பின்னர் ஜாவாத் தீவில் பெருகியது. உலகின் கொய்னாவில் பெரும்பங்கு அங்கிருந்தே வந்தது. 1942-ல் ஜாவா ஜப்பானியர் வசமானது. சயாம் ரயில் பாதைக்கு இட்டுச்செல்லப்பட்ட நம் தோட்டத்து மக்கள் வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் போதிய மருந்தின்றி அங்கே மாண்டனர். 1944-ல், அமெரிக்காவின் ஹார்வர்டில், உட்வர்ட் என்பவரும் டோரிங் என்பவரும் கொய்னாவுக்கு முந்திய படியைச் செயற்கையாய் எட்டினர். பெர்க்கின் கணக்கிட்டு எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. அந்த உட்வர்டும் சிறுவயதில் வீட்டிலே சோதனைச்சாலை வைத்து, கல்லூரி மாணவருக்கான கையேட்டின் சோதனைகளைப் பள்ளிப் பருவத்திலேயே பெரும்பாலும் செய்து முடித்தவர். ஆயினும் அவர் கண்ட வழி தொழிற்சாலைக்கு ஒவ்வாத நீண்ட வழி. விற்பனைக்குரிய கொய்னாவை இன்றும் மரப்பட்டையிலிருந்தே எடுக்கின்றனர்.